கோட்டைச் சாவி என்னிடம் இருந்த நாள்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வரலாறு என்று நான் முழுதாகப் படித்தது, அண்ணன் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வந்த ஒரு படக்கதைப் புத்தகத்தைத்தான். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய சில குடும்பங்கள் மரக்கட்டைகளை நட்டுக் கோட்டை கட்டிக்கொண்டு பயிர் செய்கிறார்கள். ஒருநாள் கமாஞ்சி என்கிற குதிரைக்காரக் கூட்டம் வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்கிறது. பிறகு வெட்டு, குத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் தினமும் திருப்புவேன்.

ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு தோட்டம். சுற்றிலும் முள்கம்பி, இரும்பு கேட். கோடையில் ஒரு கிடைக்காரர் ஆடுகளோடு வந்து பக்கத்துத் தரிசில் தங்குவார். அறுப்பு முடிந்த எங்கள் வயலில் இரவில் ஆடுகளை அடைப்பார், அது எங்களுக்கு உரம். பதிலுக்கு உச்சிவேளையில் எங்கள் தொட்டியில் ஆடுகள் தண்ணீர் குடிக்கும். அதுதான் பேச்சு.

அந்தப் புத்தகம் வந்த வருஷம் ஒருநாள் அப்பாவும் அம்மாவும் அண்ணனையும் என்னையும் தோட்டத்துக் காவலுக்கு விட்டுவிட்டு, புளியங்குடியில் ஒரு துக்க வீட்டுக்குப் போனார்கள். பயந்தாங்கொள்ளி தொலைக்க மாட்டாள் என்று நினைத்தோ என்னவோ, கேட் சாவியை அப்பா என்னிடம்தான் கொடுத்தார். கிடைக்காரர் வந்தால் திற என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

உச்சியில் அவர் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, எங்களைப் பார்த்து வீசினார். வெள்ளைத் துண்டு.

"தாயீ, கேட்டத் தொறந்து விடு. குட்டியெல்லாம் நாக்கத் தள்ளிட்டு நிக்கு."

அண்ணன் என் காதருகே, "தொறக்காத ஏட்டி. புஸ்தகத்துலயும் மொதல்ல தண்ணிதான் கேக்கான்" என்றான்.

அவனுக்கு அது விளையாட்டு. நான் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அப்பா வரட்டும்" என்றேன்.

"தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாகளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். "அப்ப சரி தாயி" என்றார். தண்ணீர் வாடை கண்ட ஆடுகள் லேசில் நகரவில்லை. ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவற்றை அதட்டி அதட்டித் திருப்பினார்.

மறுநாள் தரிசில் கிடை இல்லை. அப்பா கொதித்தார்.

"பேச்சுத் தவறிட்டாம் பாரு. இனி இந்தப் பக்கம் வரட்டும்."

முந்தின நாள் அவரைத் திருப்பி அனுப்பியதை அண்ணன் சொல்லவில்லை. நானும்தான்.

அம்மாதான் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவுக அப்பா காலத்துலருந்து ஆடு பத்திட்டு வார பாதைல்லா இது. நாமதான அதுல வேலி போட்டோம். இத்தன வருசத்துல ஒரு சொல்லு சொன்னதில்ல."

கிடைக்காரர் அதற்குப் பிறகு வரவே இல்லை. கமாஞ்சிகள் காலங்காலமாகத் திரிந்த நிலத்தில்தான் அந்தக் கோட்டை எழும்பியது என்பது, என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் அப்பா தண்ணீரை மறித்துவிட்டார் என்றுதான் அந்த மனிதர் கடைசிவரை நினைத்திருப்பார். அப்பாவும் அவரைச் சொல் தவறியவர் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

அம்மா சொன்னது எதுவும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. கமாஞ்சி போய்விட்டான், இனி வரமாட்டான். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பயமில்லாமல் தூங்கினேன்.