மூன்றாம் டின்னில் ஓர் ஈர விதை

புதன்கிழமை காலை செண்பகனூரிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் பள்ளி வாசலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "சார், ஒங்க ராஜேஸ்வரி டீச்சர் இன்னைக்கு வெள்ளனே தவறிட்டாங்க. வீட்டுல சொல்லிவிட்டாங்க" என்றார். இரண்டு மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் பஸ் மூடுபனிக்குள் மறைந்த பிறகும், சாக்பீஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். குள்ளமான உருவம், முழங்கால்வரை தொங்கும் பழுப்பு ஸ்வெட்டர், வராந்தா முழுக்கக் கேட்கும் சிரிப்பு. நான் கணக்கு வாத்தியார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை மனத்தில் வைத்து, இனி எழுதப்போவதைப் படியுங்கள்.

ஐப்பசி மாதத்தில் எங்கள் வகுப்புகளுக்குள் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி பெஞ்சு தெரியாது. அதனால் குரலை வைத்தே வருகைப் பதிவு எடுப்போம். இரண்டாயிரத்து மூன்றில் அப்படி ஒரு காலையில் டீச்சர் புஷ்பத்தின் பெயரைக் கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. குறித்துக்கொண்டார்.

மாலையில் புஷ்பத்தின் அம்மா பேத்துப்பாறையிலிருந்து ஓடி வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே கேரட் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். "புள்ள இன்னும் வீட்டுக்கு வரல்லீங்க டீச்சர்" என்றார். டீச்சர் பதிவேட்டைக் காட்டி, "காலைல வகுப்புக்கு வந்துருக்காளேம்மா" என்றார். அந்த ஒரு குறியை நம்பி, பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழிகளிலேயே எல்லோரும் சலித்துத் தேடினோம். மூன்றாம் நாள், அடுக்கம் போகும் பழைய பாதைக்குக் கீழே, நனைந்து கிடந்த அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். அன்று அவள் பள்ளிக்கே வரவில்லை. காலையிலேயே அந்தப் பக்கம் நடந்திருக்கிறாள். பதில் சொன்னது யார் என்று கேட்டோம். ஒரு பிள்ளையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும், "ஒரு மாசமா அவ யாருகூடயும் பேசல டீச்சர்" என்றாள்.

"தலையத்தான் எண்ணிக்கிட்டு இருந்துருக்கோம் சார். அதையும் தப்பா எண்ணிருக்கோம்" என்றார் டீச்சர். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். அதன்பின் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வகுப்பு மூலையில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினார். உள்ளே மூன்று பிஸ்கட் டின்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசலில் ஒரு பீன்ஸ் விதை தருவார். அன்று மனசு நன்றாக இருந்தால் முதல் டின், சுமாராக இருந்தால் இரண்டாவது, முடியவில்லை என்றால் மூன்றாவது. யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணி, கிராஃப் தாளில் புள்ளி வைப்பார்.

நான் கேலி செய்தேன். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை என் மேசையில் விரித்தார். திங்கட்கிழமைதோறும் மூன்றாம் டின்னின் கோடு மலை ஏறியிருந்தது. "ஞாயித்துக்கெழம சந்தையில மூட்ட தூக்கிட்டு வருதுங்க. மறுநா காலைல என்ன சோலி? ஒங்க பரீட்சை!" என்றார். வாயை மூடிக்கொண்டு பரீட்சையை வியாழனுக்கு மாற்றினேன். கோடு இறங்கியது. மழை வாரங்களில் அது ஏறுவதைக் காட்டித் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு, நனைந்து வரும் பிள்ளைகளுக்குக் காலையில் சூடான கஞ்சி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடும் இறங்கியது.

இறங்காதது ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்தே, பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட ஒரு விதை கூடுதலாக இருந்தது. எப்போதும் மூன்றாம் டின்னில். எப்போதும் ஈரமாக. ஏதோ ஒரு வாலு செய்கிறது என்று நினைத்து, ஒருநாள் விதைகளுக்கெல்லாம் சிவப்பு மை தொட்டுக் கொடுத்தேன். மை இல்லாத ஒன்று, சில்லென்று, டின்னின் அடியில் கிடந்தது. வகுப்பு மாறி வேறு பிள்ளைகள் வந்தார்கள். விதை நிற்கவில்லை.

"தூக்கிப் போடுங்க டீச்சர்" என்றேன்.

"கணக்குல சேத்துக்கங்க சார். அது என்னைக்காச்சும் மொத டின்னுக்குப் போகணும். அதப் பாத்துட்டாப் போதும் எனக்கு."

டீச்சரே போடுகிறார் என்று முடிவு கட்டினேன். குற்ற உணர்வு மனிதரை என்னவெல்லாமோ செய்ய வைக்கும். அந்த முடிவு எனக்கு வசதியாகவும் இருந்தது.

இந்த ஆண்டு அவர் படுக்கையில் விழுந்ததும் நான் எண்ண ஆரம்பித்தேன். மை தொட்டே கொடுத்தேன். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு விதைகள். என் சந்தேகம் சரிதான் என்ற நினைப்போடு செண்பகனூருக்குப் போனேன்.

"எத்தன?" என்றார், நான் செருப்பைக் கழற்றும் முன்பே.

"சரியா இருக்கு டீச்சர். மிச்சமே இல்ல."

கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். "அங்க எப்படி இருக்கும்? அவதான் இங்க வந்து உக்காந்துருக்காளே. எப்படி இருக்கேன்னு தெனம் கேக்குறேன். இன்னும் வாயத் தொறக்கல."

உட்காரப் போனவன் நாற்காலியில் கையை ஊன்றினேன். வீட்டுக்குள், கதவு சாத்திய அறையில், பிரம்பு நனைந்து கிடந்தது. நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிட்டேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

வியாழக்கிழமை அடக்கம். வெள்ளிக்கிழமை பள்ளி திறந்தது. வகுப்பில் மேகம் ஏறியிருந்தது. பிள்ளைகள் முகம் வாடி வரிசையில் வந்தார்கள். முப்பத்தொரு விதைகளையும் நானே மை தொட்டு, நானே கொடுத்தேன். பிறகு திரையை விலக்கினேன்.

மூன்றாம் டின்னில் பதினெட்டு. டீச்சர் போன துக்கம். எல்லாவற்றிலும் மை. இரண்டாம் டின்னில் பதின்மூன்று. அவற்றிலும் மை. முதல் டின்னில் ஒன்றும் இருக்காது என்றுதான் கவிழ்த்தேன். மை இல்லாத இரண்டு விதைகள் உள்ளங்கையில் விழுந்தன. இரண்டும் ஈரம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

கிராஃப் தாளில் முப்பத்துமூன்று என்று எழுதினேன். போய் வாருங்கள் டீச்சர். இருவரையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.