மெல்ல வாசித்து வாங்கிய ஆம்ப்

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மழையோடு பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்த காலையில், கனாயே சென்டாய் நகரத்தை விட்டுப் போனாள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, தெற்கே தொலைதூரத்திலிருக்கும் தகாமட்சுவுக்கு மாற்றல். போன மாதம் வரை அவளுக்கே தெரியாது. மாற்றல் என்றால் அப்படித்தான், பெட்டியைக் கட்டு என்பார்கள், கட்ட வேண்டும்.

ஷின்கான்சென் அதிவேக ரயிலின் நடைமேடையில் வழியனுப்ப மூன்று பேர் நின்றார்கள். டிரம்ஸ் வாசிக்கும் ஒகிமுரா, பேஸ் கிட்டார் வாசிக்கும் தெராவோ, கிட்டார் வாசிக்கும் சயோகோ. கனாயேவையும் சேர்த்தால் நாற்பது வயதை நெருங்கும் நான்கு பேர் கொண்ட ஒரு இசைக்குழு. ஊரில் இரண்டு மூன்று நிலவறை அரங்குகளுக்கு வெளியே அவர்களை யாருக்கும் தெரியாது. கனாயேதான் பாடுவாள், இன்னொரு கிட்டாரும் வாசிப்பாள், எல்லாவற்றையும் முடிவு செய்வாள்.

"அழாதடி. நான் என்ன செவ்வாய் கிரகத்துக்கா போறேன்?" என்றாள் கனாயே.

"அழல. குளிர்ல மூக்கு ஒழுகுது," என்றாள் சயோகோ.

"அந்த ஊர்ல மூணு வேளையும் உதோன் நூடுல்ஸ்தானாம்," என்றான் ஒகிமுரா. "அடுத்த தடவை பார்க்கும்போது நீ கதவுல நுழைய மாட்டே."

"உன் வயித்தைப் பார்த்துட்டுப் பேசு."

ரயில் வந்தது. சயோகோவுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பத்து நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்தாள். கதவு மூடும் மணி அடித்த பிறகுதான் வாயில் வந்தது.

"கனாயே! என் ஆம்ப்ல மிட் எவ்வளவு வெப்பே?"

கனாயே சிரித்தாள். "எவ்வளவுன்னா? கேட்டுப் பார்த்து வெப்பேன். உனக்கே தெரியும்டி, போ!"

கதவு மூடியது. சயோகோவுக்குத் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகளாக வாடகை ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் கனாயே நேராக சயோகோ வாசிக்கும் ஆம்புக்கு, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிக்கு, போவாள். பேஸ், மிட், ட்ரெபிள் என்று அடி, நடு, உச்ச ஒலிகளுக்கு வரிசையாக இருக்கும் குமிழ்களை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் திருகுவாள். "வாசி" என்பாள். சயோகோ வாசிப்பாள். கனாயே தலையைச் சாய்த்துக் கேட்டு, இன்னொரு திருகு திருகி, "ம், இப்ப சரி" என்பாள். அத்தோடு முடிந்தது. ஒத்திகை முடிந்ததும் எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், ஒயர்களைச் சுருட்டி மாட்ட வேண்டும், வாடகை அறைகளில் அதுதான் வழக்கம். அடுத்து வருகிறவர்களுக்கு முந்தின ஆளின் சுவடே இருக்கக் கூடாது. அந்தப் பூஜ்யமாக்கும் வேலை மட்டும் சயோகோவுடையது. ஒவ்வொரு வாரமும் தன் சத்தத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

சயோகோவுக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். நாளெல்லாம் வாடிக்கையாளர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு" என்று சொல்பவர்கள் மேல் அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல் வரும். தன் கண்ணுக்கு எது தெளிவு என்று ஒரு மனிதருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று நினைப்பாள்.

ஏப்ரலில் மூன்று பேராக முதல் ஒத்திகைக்குப் போனார்கள். இனி பாட வேண்டியது தெராவோ. சயோகோ அறையின் பெரிய கறுப்பு ஆம்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எல்லாம் பூஜ்யம். எல்லாவற்றையும் பாதிக்கு வைத்தாள். சகிக்கவில்லை. ட்ரெபிளைக் கூட்டினாள், பல் கூசியது. குறைத்தாள், ஈரத் துணியைப் போட்டு மூடியது போல ஆனது. இரண்டு மணி நேர வாடகையில் பாதி அதிலேயே கழிந்தது.

"சயோ, இதென்ன சாமி கும்பிடற மாதிரி உக்காந்திருக்கே?" என்றான் ஒகிமுரா.

"எது நல்லா இருக்குன்னு தெரியல."

"உனக்கு எது பிடிக்குது?"

"அதுதான் தெரியல."

ஒகிமுரா டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்தான். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. முன்னாடி ரெண்டு கிட்டார். இப்ப ஒண்ணு. அந்த ஒண்ணு கேக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் வெறுமனே தாளம் போட்டுட்டு இருப்போம். செப்டம்பர்ல ஒரு நிகழ்ச்சி இருக்கு. அதுவரைக்கும் பார்ப்போம். சரிப்படலன்னா இதோட நிறுத்திக்கலாம்."

தெராவோ தரையைப் பார்த்தபடி, "அப்படி ஒண்ணும் அவசரமில்ல" என்றான். நிறுத்துவதற்கு அவனும் தயாராகத்தான் இருக்கிறான் என்று சயோகோவுக்குப் புரிந்தது. அவளுக்கு வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடை, ஏழாவது நாள் இது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆறு நாள்தான்.

கோடை போனஸ் வந்த வாரம், சொந்தமாக ஒரு ஆம்ப் வாங்குவது என்று முடிவெடுத்தாள். ஒத்திகை அறையிலும் அரங்கிலும் ஆம்ப் இருக்கும்போது சொந்தமாக வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரே ஆம்ப், ஒரே வீடு, தினமும் கேட்டால் என்றைக்காவது ஒருநாள் பிடிபடாதா?

கடைத்தெருவில் இரண்டாவது மாடியில் இருந்த கிட்டார் கடையில் நிஷிவாகி என்ற ஊழியர் மூன்று ஆம்புகளை வரிசையாக வைத்தார்.

"இது கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். நடுவுல இருக்கறது கண்ணாடி மாதிரி, பளிச். இது ரெண்டுக்கும் நடுவுல. வாசிச்சுப் பாருங்க."

சயோகோ வாசித்தாள். பின்னால் ஒரு வயதான தம்பதி உகுலேலே என்ற குட்டிக் கிட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று ஒலியளவுக் குமிழை ஒரு மயிரிழைதான் திறந்திருந்தாள். குளிர்பதனப் பெட்டி உறுமும் அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. கம்பியை நகம் தொடும் 'டிக்' ஒலி அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கூட்டிக்கலாமே நீங்க," என்றார் நிஷிவாகி.

"இல்லங்க, பரவாயில்ல. மத்தவங்க இருக்காங்க."

நிஷிவாகி நிம்மதியாகத் தலையாட்டினார். கூட்டிக்கொள்ளச் சொல்வது அவர் கடமை, மறுப்பது வாடிக்கையாளரின் கடமை. இருவரும் சரியாகச் செய்துவிட்டார்கள்.

சயோகோ மூன்றையும் இன்னொரு சுற்று வாசித்தாள். மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டன. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க" என்ற முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டாள்.

"எது அதிகமா விக்குதுங்க?"

"நடுவுல இருக்கறது."

"அப்ப அது வேண்டாம்," என்றாள், ஏனென்று தெரியாமலே. பிறகு வெட்கமாகிவிட்டது. கடைசியில் மூன்றாவதை, வெண்ணெய் நிறத்தில் இருந்ததை, வாங்கினாள். இரண்டுக்கும் நடுவில் என்று அவர் சொன்னது பாதுகாப்பாகப் பட்டது.

நாகாமச்சிப் பகுதியில் அவள் குடியிருந்த அறையின் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு அம்மாள் தும்மினால் இங்கே தெரியும். அதனால் ஒலியளவுக் குமிழ் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவிலேயே நின்றது. கடையிலிருந்து வந்ததும் சமைப்பதற்கு முன் அரை மணி நேரம் வாசிப்பாள். மெலிந்த சத்தம் நிறைவாக வர பேஸைக் கூட்டினாள். பளிச்சென்று இருக்க ட்ரெபிளைக் கூட்டினாள். நடுவில் ஏதோ மூக்கால் பேசுவது போல உறுத்தியதால் மிட்டை நன்றாகக் குறைத்தாள். ஆகஸ்ட் நடுவில், டனபாட்டா திருவிழா அலங்காரங்களைக் கழற்றி முடித்த வாரத்தில் ஒரு மாலை, வாசித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிடித்திருந்தது. யாரும் "இப்ப சரி" என்று சொல்லாமலே பிடித்திருந்தது. சோறு வைக்க மறந்து, கடையில் வாங்கிய பழைய சோற்று உருண்டையைத் தின்றுவிட்டு மறுபடி வாசித்தாள்.

ஒத்திகையில் ஒகிமுரா கேலி செய்தான். "புது ஆம்பை எப்பதான் கண்ணுல காட்டுவே? மாப்பிள்ளையை ஒளிச்சு வெச்ச மாதிரி வெச்சிருக்கே."

"காரு இல்ல, தூக்க முடியல. நிகழ்ச்சி அன்னிக்குக் கொண்டு வரேன். அன்னிக்குப் பாரு."

அவள் குரலில் இருந்த தெம்பைக் கேட்டு தெராவோ நிமிர்ந்து பார்த்தான்.

செப்டம்பரில் நிகழ்ச்சி நாளன்று ஆம்பை ஒரு தள்ளுவண்டியில் கட்டி, சுரங்க ரயிலில் எல்லோரிடமும் தலைகுனிந்து தலைகுனிந்து வழி கேட்டு, அரங்கத்தின் படிகளில் இறக்கினாள். மாலை நான்கு குழுக்கள் வாசிக்க வேண்டும். மதியம் ஒவ்வொரு குழுவுக்கும் சோதித்துப் பார்க்கச் சிறிது நேரம். இவர்கள் மேடையேறும்போதே அடுத்த குழு சுவரோரமாகப் பவ்யமாக வந்து நின்றுவிட்டது.

அரங்கின் ஒலியைக் கவனிக்கும் முகாய் என்ற பெண் ஒலிப்பலகைக்குப் பின்னாலிருந்து கை தூக்கினாள். "சயோகோ, ஆரம்பிச்சுட்டீங்களா?"

"வாசிச்சுட்டு இருக்கேங்க."

"அப்படியா! டிரம்ஸுக்குப் பக்கத்துல ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் பெருசா வைங்க."

சயோகோ குமிழை மூன்றுக்குத் திருகினாள். வாங்கியதிலிருந்து அது அந்தப் பக்கம் போனதே இல்லை. கம்பியைத் தொட்டாள். தரை அதிர்ந்தது.

"ரயில் எதாவது வருதா?" என்றான் ஒகிமுரா.

மூன்று பேரும் சேர்ந்து வாசித்தபோது இன்னும் மோசம். அடியில் ஒரு உறுமல், மேலே ஊசிக் குத்தல், நடுவில் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தெராவோவின் பேஸ் கிட்டார் அந்த உறுமலுக்குள் மூழ்கிப் போயிற்று. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"வீட்டுல நல்லா இருந்துச்சு," என்றாள். அவள் காதுகள் சிவந்திருந்தன.

"வீட்டுல எவ்வளவு சத்தத்துல வெச்சே?"

"பக்கத்து வீட்டு அம்மா தூங்குற அளவுக்கு."

"கடையில வாங்கும்போது?"

"அங்கயும் அப்படித்தான். ஆளுங்க இருந்தாங்க."

ஒகிமுரா குச்சிகளால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஒரு தடவைகூட சத்தமா கேக்காமலா வாங்கினே!" சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதே மாதிரி வாங்கியவராக இருக்க வேண்டும்.

சயோகோ ஆம்பின் பக்கம் திரும்பினாள். நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். கை தானாகப் போய், பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில், எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பியது. இரண்டு மாதத்து உழைப்பு போயே போயிற்று.

"இன்னும் நேரம் இருக்குங்க," என்றாள் முகாய் தூரத்திலிருந்து.

சயோகோ ஆம்பைப் பார்த்தாள். அழுதால் அடுத்த குழுவுக்கு இடைஞ்சல். "நீங்க ரெண்டு பேரும் வாசிச்சுக்கிட்டே இருங்க," என்றாள். "நிறுத்தாதீங்க."

அவர்கள் வாசித்தார்கள். அவள் ஒரு கையால் கம்பிகளை மீட்டிக்கொண்டு மறு கையால் ஒலியளவைத் திறந்தாள். பேஸ் பூஜ்யத்திலேயே இருந்தது. அடியில் தெராவோ இருந்தான், அங்கே அவளுக்கு இடமில்லை. மிட்டைத் திருகினாள். கேட்கவில்லை. இன்னும் திருகினாள். முக்கால் தாண்டியதும் டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவிலிருந்து ஏதோ ஒன்று தலையை நீட்டியது. அதுதான் கிட்டார். மற்ற இருவரும் நிறுத்தியபோது அவள் மட்டும் தனியாக ஒரு சுரக்கோவை வாசித்தாள். மூக்கடைத்த வாத்து கத்துவது போல இருந்தது.

"ஐயோ, அசிங்கமா இருக்கே!"

"தனியா வாசிக்காதே," என்றான் தெராவோ.

"இது எனக்குப் பிடிச்ச சத்தம் இல்ல."

"சேர்ந்து வாசிக்கும்போது?"

அவள் யோசித்தாள். "பிடிச்சுது. ஆனா அதே சத்தம்தானே ரெண்டும்? எப்படி பிடிக்கவும் செய்யும், பிடிக்காமலும் இருக்கும்?"

முகாய் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினாள். உண்மையாகவே நேரம் முடிந்திருந்தது. மூவரும் அடுத்த குழுவுக்குத் தலைவணங்கி இறங்கினார்கள்.

மாலையில் முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வாசித்தார்கள். சயோகோவின் வலது கை இரண்டு இடத்தில் தடுமாறியது. மூன்றாவது பாட்டில், முன்பு கனாயேவின் கிட்டார் நுழையும் இடத்தில், யாரும் இல்லாத வெற்றிடம் வந்தபோது அவள் பழக்கத்தில் காத்திருக்கப் போனாள். பிறகு தானே உள்ளே நுழைந்தாள். சத்தம் முரடாக இருந்தது. முன் வரிசையில் ஒரு பெண் தலையாட்டினாள். அது பாட்டுக்காகவா, கிட்டாருக்காகவா, கையிலிருந்த பியருக்காகவா என்று சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து, சுட்ட மாட்டு நாக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள். "எப்படி இருந்துச்சு? பொய் சொல்லாதீங்க."

"எனக்கு என் குரலே கேக்கல," என்றான் தெராவோ.

ஒகிமுரா வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "கேட்டுச்சு. அதுவரைக்கும் சொல்லலாம்." பிறகு முட்டைக்கோஸ் ஊறுகாயை எடுத்துக்கொண்டே, "டிசம்பருக்கும் ஒத்துக்கிட்டேன். அரங்கத்து முகாய் கேட்டாங்க. உங்களுக்கு வேலை இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றான்.

நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. சயோகோ இன்னொரு பியர் சொன்னாள்.

அதன் பிறகும் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை. வீட்டில் வாசிக்கும்போது வீட்டுச் சத்தம்தான் இனித்தது. அரங்கத்துச் சத்தத்தை வீட்டில் வைத்தால் தகரம். வீட்டுச் சத்தத்தை ஒத்திகையில் வைத்தால் சேறு. இரண்டில் எது தன்னுடையது என்று குளிர்காலம் முழுக்க யோசித்தாள். கண்ணாடிக் கடையில் "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க" என்றவரிடம், "அவசரமில்லங்க, இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

டிசம்பர் நிகழ்ச்சியைப் பார்வையாளர் ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்தார். சயோகோ நின்ற இடது பக்கத்தை ஒரு தூண் முழுசாக மறைத்துவிட்டது. ஒகிமுரா அதை அப்படியே இணையத்தில் போட்டான்.

பிப்ரவரியில், பனி அள்ளிக் களைத்த ஒரு மத்தியானம், நான்கு பேரின் பழைய அரட்டைக் குழுவில், மாதக்கணக்கில் பேச்சே இல்லாமல் கிடந்த அந்த இடத்தில், தகாமட்சுவிலிருந்து கனாயேவின் செய்தி வந்தது.

"வீடியோ இப்பதான் பார்த்தேன். தெராவோ, பாட்டு தேறிட்டே. ஒகிமுரா, முடி வெட்டிக்கோ. தூணுக்குப் பின்னாடி கிட்டார் வாசிக்கிறது யாரு? புது ஆளா? கொஞ்சம் முரடு, நானா இருந்தா அப்படி வெக்க மாட்டேன். ஆனா மூணாவது பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கேன். சரி, சயோ எங்க? அவ விட்டுட்டுப் போயிட்டாளா? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"