யாரும் கேட்காத சாட்சி

அண்ணி தன் கம்பெனியின் சோதனைத் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் மூன்று கட்டம் வரைந்தது நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கிறது. கொரியா, பிரான்ஸ், இந்தி. ஒரே துப்பறியும் நாவலை மூன்று இடத்திலும் படமாக எடுத்திருந்தார்கள். பிரேசர் டவுனில் நண்பர்கள் கூட்டமொன்றில் அவற்றை ஒப்பிட்டுப் பேசுவதாக ஒப்புக்கொண்டு, ஒளி, நிறம், மழை என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சினிமா தெரிந்தவன் என்ற திமிர் அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அண்ணி பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களைச் சோதிப்பவர். மூன்றை வரிசையாக வைத்து எது பிசகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பல வருஷமாக அவர் வேலை. அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கண்ணெதிரே, பிரஸ் மெஷினில் ஒரு பெண்ணின் மூன்று விரல்கள் போயிருந்தன. வேகமாக ஓட்டுவதற்காகக் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னது சூப்பர்வைசர். ஆனால் அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். அண்ணி உண்மையைச் சொன்னால் வேலை போகும். விசாரணை திங்கட்கிழமை. கொஞ்சம் மறந்திருக்கட்டுமே என்றுதான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

கொரியாவில் கொலைகாரன் தப்பிக்கிறான், பிரான்சில் தன்னையே சுட்டுக்கொள்கிறான், இந்தியில் கோர்ட்டில் கதறுகிறான். இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, அண்ணி பேனாவைக் கீழே வைத்தார்.

"முடிவு வேற வேறதான் தம்பி. ஆனா அந்த வீடு பெருக்கறவ கொலையப் பார்த்துட்டா இல்ல? மூணு ஊர்லயும் சும்னே வாய மூடிட்டு நிக்கிறா. யாரும் அவள ஒரு வார்த்தை கேக்கல."

என் பன்னிரண்டு பக்கத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமை விசாரணைக்கு அண்ணியைக் கூப்பிடவில்லை. அவரே கதவைத் தட்டி உள்ளே போயிருக்கிறார். உங்களை யாரும் கூப்பிடவில்லையே என்று அதிகாரி கேட்டாராம்.

"கூப்பிட மாட்டீங்கன்னு தெரியும் சார். அதான் வந்தேன்" என்று சொல்லி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அண்ணிக்கு வேலை போனது. இப்போது வேறொரு கம்பெனியில், தன்னைவிடச் சின்னவர்களுக்குக் கீழே, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதே நாவலை நான்காவதாக ஒரு நாட்டில் எடுத்திருக்கிறார்கள் என்று போன வாரம் பார்த்தேன். வீடு பெருக்குகிறவள் அதிலும் பேசவில்லை. எங்கள் அண்ணி பேசினார்.