ராத்தாவின் இடது கண்

அன்று பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகள், நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் அந்த வீட்டு ராத்தா, அவருடைய கணவரான நானா. ஐந்தாவதாக யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எந்தச் சவர்க்காரம் போட்டாலும் கன்னம் இரண்டும் வெடித்து நீர் கசியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். இனிப் போகவே மாட்டேன் என்று புத்தகப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இவளும் நின்றுவிடுவாளோ என்ற பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மாத்தளையில் உல்லாசப் பயணிகள் வந்துபோகும், ஏலமும் மிளகும் விளையும் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றுக்கு, முகம் கழுவும் திரவம் கலந்து கொடுப்பது ராத்தாவின் தொழில். மேசைமேல் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் நுரைத்துக் கிடந்தது. அதை நம்பினேன்; கொட்டையைக் கண்ணால் பார்த்தேனே. மூலையிலிருந்த வெள்ளைக் கேனைத்தான் நம்ப முடியவில்லை. அதற்குள் பாகு மாதிரி ஏதோ இருந்தது. தேங்காய் எண்ணெயும் சீனியும் சேர்த்து எடுப்பதாம், பிள்ளைக்கு அதுதான் சரியாம். முகர்ந்து பார்த்தேன்.

“என்ன ராத்தா, தேங்காய்ங்கிறீங்க, வாசமே இல்லையே?”

“கித்துள் மரத்துப் பூவுல வடிச்சுக் காய்ச்சுற கருப்பட்டியில பூ வாசமா வருது? குடுத்தா திங்கத்தானே செய்ற!”

கொட்டைத் தண்ணீரை மட்டும் தாருங்கள் என்றேன். கண்ணில் பட்டால் எரியும், வெடித்த தோலுக்கு ஆகாது என்றார். கேனில் இருப்பதை விற்பதற்குத்தான் இந்தப் பேச்சு என்று நினைத்தேன். நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ராத்தா எழுந்து, கொட்டைத் தண்ணீரை வலது இமையிலும், கேனில் உள்ளதைத் தண்ணீரில் கரைத்து இடது இமையிலும் தேய்த்துக் கழுவினார். வலது கண் மிளகாய் பட்டதுபோலச் சிவந்து ஒழுகியது. இடது கண் சும்மா இருந்தது.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். “கலியாணம் கட்டின நாள்ல இருந்து நான் ரெண்டு கண்ணையும் அழ வச்சேன். நீ ஒத்தக் கண்ணோட விட்டுட்டியே தங்கச்சி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கையில் பலம் கூடுதல். அந்தக் கண்ணை மட்டும் அழுத்தித் தேய்த்திருப்பாரோ?

“ராத்தா, கண்ணை மாத்தி ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா?”

“அல்லாவே! மத்தக் கண்ணையும் அவிக்கப் பாக்குறாளே!”

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் அந்தக் கேன் கரைசலை அள்ளிக் கன்னத்தில் பூசிவிட்டாள். இப்போது கத்துவாள், இப்போது கத்துவாள் என்று பார்த்திருந்தேன். “எரியலம்மா” என்றாள். என் பயத்தைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ராத்தா ஒரு போத்தல் நிரப்பிக் கொடுத்தார். காசை நீட்டினேன், வாங்கவில்லை. “இப்ப வேணாம். ஒனக்கு எப்ப சந்தேகம் தீருதோ, அன்னைக்குத் தா.”

கொஞ்ச நாளில் வெடிப்பு ஆறியது. மகள் பள்ளிக்கூடம் போனாள், படித்து முடித்தாள். இப்போது சீகிரியாவில் ஒரு ஹோட்டலில், வருகிறவர்களை முதல் ஆளாக வரவேற்பவள் அவள்தான். ராத்தாவுக்கு நரைத்துவிட்டது, கலப்பது இன்றும் அவரேதான். ஒவ்வொரு புதுப் போத்தலையும் என் முழங்கை மடிப்பில் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே மகளுக்கு அனுப்புகிறேன். அதற்கெல்லாம் உடனுக்குடன் காசு கொடுத்துவிடுவேன். வீதியில் கண்டால் ராத்தா இன்னும் விடுவதில்லை.

“என்ன புள்ள, தீர்ந்திச்சா?”

“இன்னும் கொஞ்ச நாள் பாப்பம் ராத்தா.”

முதல் போத்தலின் நானூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.