அண்ணியின் வீங்கிய கை

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது சோப்பு நுரை வழியும் அவள் கைதான். மலாயாவில், ஜொகூரின் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி. தோட்டக் கூலிகள் வரிசையாய்க் குடியிருந்த லயத்து வீட்டில் அண்ணிக்கு வளைகாப்பு. கல்யாணத்தின்போது போட்ட அளவிலேயே கண்ணாடி வளையல் வாங்கியிருந்தோம். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. "பூரிச்சுப் போயிருக்கா, ஆம்பளப் புள்ளதான்" என்று பெண்கள் சிரித்தார்கள். நாத்தனார் என்ற உரிமையில் நான் சோப்பைத் தடவி அழுத்தித் தள்ளினேன். ஒரு வளையல் உடைந்து கையைக் கிழித்தது. அப்போதும் கேலிதான் செய்தேன்.

அது பூரிப்பு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். வெட்கக்கேடு அதுதான். முந்தின வாரமே தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரெசர் அவள் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சி, அது திரிந்த பால்போல் வெளுத்ததை அம்மாவுக்கும் எனக்கும் காட்டியிருந்தார்.

"சிறுநீரகம் ரொம்ப நாளாவே கெட்டுக் கெடக்கும்மா. புள்ள சரியா வளராது, முந்திப் பொறந்துடும். நாளைக்கே ரயிலேத்தி ஜொகூர் பாரு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"வெறுங்கையோட புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். வளைகாப்புக்கு நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தோம். அண்ணன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். எனக்கு வாய் இருந்தது. அதை வளைகாப்புப் பலகாரம் தின்னத்தான் பயன்படுத்தினேன்.

வளைகாப்புக்கு மறுநாள் ரயிலடியிலேயே வலி கண்டுவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, அணில்குஞ்சு அளவில். பஞ்சில் சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். அழக்கூட அதற்கு மூச்சுப் போதவில்லை. ஒரு வாரம் தாங்கவில்லை. முன்னமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்று பிள்ளைத்தாச்சியான என் மகளுக்குக் கால் கொஞ்சம் வீங்கினாலே சிறுநீரைச் சோதிக்க ஓடுகிறோம். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கே சொல்லப்பட்டது என்று அவளிடம் சொன்னதில்லை.

வளையல் உடைந்த சகுனம்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுத்துச் சொல்ல நான் இருந்தேன், சொல்லவில்லை. அண்ணியும் அதை நம்பிவிட்டாள். வீக்கம் வடியாத முகத்தோடு வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கை வீங்காம இருந்திருந்தா ஒடைஞ்சிருக்காது அத்தை. என்னை மன்னிச்சிருங்க."

அம்மா மன்னித்தாள். பிறகு அண்ணி என்னைப் பார்த்தாள்.

"போனது போகட்டும், அண்ணி" என்று நானும் மன்னித்தேன்.