பார்பர் விசாவும் உடைந்த சிலேட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மருமகன் முகத்தில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு புட்டு சாப்பிட வந்தார்.

முழுப் பேப்பர் இல்லை. கன்னத்தில் ஒரு துணுக்கு, தாடைக்குக் கீழே ஒரு துணுக்கு, உதட்டோரத்தில் ராசிபலனில் பாதி. ரத்தம் நிற்பதற்காக ஒட்டியது. மருமகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எதையும் ஆன்லைனில் கற்றுக்கொள்கிறவர். அந்தக் கல்வி இப்போது மடக்குச் சவரக்கத்தி வரைக்கும் வந்திருக்கிறது.

"கத்தி நல்ல கத்திதான் அத்தை. ஸ்டோன்தான் சரியில்லை" என்றார்.

ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட். வெல்வெட்டுக்குள் ஒரு கல். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துக் காட்டினார். நேச்சுரல் ஸ்டோனாம். ஏதோ ஒரு நாட்டில் மலையிலிருந்து வெட்டி எடுத்ததாம். கல்லை மலையிலிருந்து எடுக்காமல் மாட்டிலிருந்தா கறப்பார்கள்? மாமியார் பதவியின் கண்ணியம் கருதி நான் கேட்கவில்லை.

"நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, அத்தை."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். மரியாதையாகத்தான் சிரித்தார். சிரித்ததில் ராசிபலன் கீழே விழுந்தது.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்திருந்த புதிது. எங்கள் வீடு பெரியவீட்டுக் கேசவன் பிள்ளையின் தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது. வீடு என்பது கொஞ்சம் பெருமைக்காகச் சொல்வது. ஓலைக்குடிசை. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடப்பவருக்கு அந்தக் குடிசையும் சுற்றிப் பத்து சென்ட்டும் சொந்தம் என்று குடிகிடப்புச் சட்டம் வந்தது. அப்பா மனுப் போட்டார். கேசவன் பிள்ளை எதிர்த்து வழக்காடினார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் அப்பா ஜெயித்தார்.

ஜெயித்த நிலத்தை என்ன செய்தோம்? வேறென்ன... அடகு வைத்தோம்.

அண்ணன் ஞானதாஸுக்குக் கல்ஃப் போக வேண்டும். அந்த நாட்களில் செங்கல், காரோடு என்று பக்கத்து ஊர்களில் யாரைப் பார்த்தாலும் ஒன்று கல்ஃபுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அல்லது கல்ஃபிலிருந்து வந்து சென்ட் மணத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் செய்யாதவனுக்குப் பெண் கிடைக்காது. அண்ணனுக்கு முன்னால் போனவர்கள் மேஸ்திரி விசா, டிரைவர் விசா எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டார்கள்.

"இனி பார்பர் விசாதான் உண்டு" என்றான் நெய்யாற்றின்கரை ஏஜென்ட்.

"எனக்கு சவரம் செய்யத் தெரியாதே."

"போன மாசம் டிரைவர் விசாவில போனவனுக்கு சைக்கிளே தெரியாதாக்கும். பம்பாயில டெஸ்ட் உண்டு. கத்தியும் கல்லும் ஒனக்க சொந்தமா கொண்டு போவணும். கத்தி தீட்டிக் காட்டச் சொல்லுவாங்க."

ஓய்வுபெற்ற பட்டாளக்காரர் ஒருவரிடமிருந்து பழைய சவரக்கத்தி கிடைத்தது. கல்தான் பிரச்சினை. வெட்டுக்கத்தி தீட்ட நம் ஊரில் எந்தப் பாறையும் போதும். சவரக்கத்திக்கு அது ஆகாது. பாறையின் பெரிய மணிகள் விளிம்பைக் கடித்து வைத்துவிடும். பார்வைக்குத் தெரியாது. தாடைக்குத் தெரியும்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் சலூன் வைத்திருந்த வேலாயுதனிடம் அண்ணன் போனான். அவரிடம் வழவழவென்று கறுப்பாக ஒரு கல் இருந்தது. அண்ணனைக் கண்டதும் துண்டைப் போட்டு மூடினார்.

"ஒனக்கு சொல்லித் தந்தா நீ துபாய்க்குப் போவே. நான் இஞ்ச இருந்து ஒனக்க அப்பனுக்கு மொட்டை அடிக்கணுமா?"

நியாயமான கேள்விதான். அந்த விசாவுக்கு உண்மையிலேயே தகுதியான ஒரே ஆள் அவர். அதனால்தான் அவருக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் விடாமல் கெஞ்சியதும், "நெய்யாற்றில எடுத்ததாக்கும். போய்த் தேடு மக்கா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சுத்தப் பொய்.

அண்ணன் ஆற்றிலிருந்து சாக்கு நிறையக் கற்களோடு வந்தான். ஊரும் வந்தது. பாறை விஷயத்தில் நம் ஊரில் நிபுணர் அல்லாதவர் யார்? கனமான கல்தான் நல்லது என்றார் ஒருவர். தட்டினால் மணிபோலக் கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். திருப்புறத்திலிருந்து வந்த மாமா ஒரு கல்லை நக்கியே பார்த்துவிட்டு, "உப்பு உண்டு, வேண்டாம்" என்றார்.

ஒவ்வொரு கல்லிலும் கத்தியைத் தீட்டி அண்ணன் சோதித்துப் பார்த்த இடம் — அப்பாவின் முகம். நிலத்துக்காகப் போராடியபோதுகூட அப்பா இவ்வளவு ரத்தம் சிந்தவில்லை.

"ஏட்டி, எனக்க முகத்தில தோல் மிச்சம் உண்டா, பாரு" என்பார் அம்மாவிடம்.

அண்ணனே கண்டுபிடித்த ஒரு வழி மட்டும் உருப்படியானது. கல்லை நனைத்து, கட்டைவிரல் நகத்தை அதில் தேய்ப்பான். நகத்தில் கீறல் விழுந்தால் கத்தியிலும் விழும். எல்லாக் கல்லிலும் விழுந்தது. பம்பாய்ப் பயணம் நெருங்கியது. பத்து சென்ட் அடகில் இருக்கிறது. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கிழிந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் பார்பர் ஆகாவிட்டால் நாங்கள் எங்கே போவது? மறுபடியும் யாருடைய தோப்பு ஓரத்துக்கு?

ஒருநாள் மாலை நான் காப்பி கொடுக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஒனக்க நகம் மட்டும் எப்பிடிட்டி கண்ணாடிபோல இருக்கு?"

உண்மையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளையில் உடைந்த சிலேட்டில் நகத்தை வழவழப்பாகத் தேய்ப்பது என் வழக்கம். கல்விப் பணியில் இதெல்லாம் உண்டு.

அண்ணன் எழுந்துவிட்டான்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் கேட்டேன். மூலையில் கிடந்த உடைந்த சிலேட்டு முழுவதையும் கொண்டுபோனால் புண்ணியம் என்றார். எல்லாம் அசல் கல் சிலேட்டு. அவற்றிலும் எல்லாமே ஆகிவிடவில்லை. சிலதில் வெளுத்த கோடு ஓடும். கோட்டில் நகம் தட்டினால் தள்ளிவிட வேண்டும். ஒரே கறுப்பாக, கோடும் புள்ளியும் இல்லாமல் இருந்தவற்றை எடுத்து, ஒன்றோடு ஒன்று வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். கறுத்த சேறு வந்தது. மேடு பள்ளம் போய்ச் சமமானது. நல்ல துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டினோம்.

கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் பட, விளிம்பு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். முதுகு மேலேயே புரட்டித் திரும்பி வர வேண்டும். அழுத்தக் கூடாது. முதலில் அந்தச் சேற்றில். கடைசியில் வெறும் தண்ணீரில். பிறகு தோல்வாரில். சிலேட்டு மெதுவான கல். பொறுமை இல்லாதவனுக்கு அது பாடம் எழுத மட்டும்தான் உதவும். அண்ணனுக்குப் பொறுமை இருந்தது. அடகு வைத்தவனுக்கு வேறு என்ன இருக்கும்?

கையிலிருந்த ரோமம் கத்தி பட்டதும் சத்தமில்லாமல் உதிர்ந்தது. ஆனால் அப்பா தன் முகத்தை இனித் தரமாட்டேன் என்றுவிட்டார்.

அப்போதுதான் பெரியவீட்டிலிருந்து ஆள் வந்தது. கேசவன் பிள்ளை கூப்பிடுகிறார். சவரத்துக்கு.

விஷயம் என்னவென்றால், வேலாயுதன் வீட்டுக்கு வந்து சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். வேண்டுமானால் கடைக்கு வரட்டும் என்றார். கடையில் பெஞ்சு. பெஞ்சில் பழைய குடிகிடப்புக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் வரிசையில் காத்திருப்பதைவிடத் தாடி வளர்ப்பது மேல் என்று கேசவன் பிள்ளை முடிவு செய்து, சாமியார்போல ஆகிக்கொண்டிருந்தார்.

"பழி தீர்ப்பாரோ?" என்று அம்மா பயந்தாள். கத்தி எங்கள் கையில். பயமும் எங்களுக்கே. பழக்கம், வேறென்ன?

டீச்சர் கூட இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று என்னையும் அனுப்பினாள். கேசவன் பிள்ளை வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். நாங்கள் இருவரும் வழக்கம்போல முற்றத்திலேயே நின்றோம்.

"அங்ஙன நின்னா எனக்க தாடிக்குக் கை எட்டுமாடா?" என்றார்.

ஏறினோம். அண்ணன் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை இழுத்தான். சோப்பு நுரை பூசினான். "தலையைக் கொஞ்சம் பொறத்த சாய்க்கணும் சாரே."

"சாரா?" அவர் கண்ணைத் திறந்தார். "ஏமானே போச்சா?"

அண்ணன் கத்தியைப் பிடித்தபடி நின்றான். ஏமானே என்றால் எஜமானே. அப்பா அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"போச்சு சாரே" என்றான், பணிவாக.

கேசவன் பிள்ளை அவனையே பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கழுத்தை நீட்டினார். "பைய எடு. நிலம் போச்சு... தொண்டையாவது இருக்கட்டு."

எங்களைக் குடிசையிலிருந்து இறக்கிவிட வருஷக்கணக்கில் வழக்காடிய தொண்டை. அதன்மேல் என் அண்ணனின் கத்தி மேலும் கீழும் போய்வந்தது. கத்தி ரோமத்தை எடுக்கும் சத்தம் மட்டும். முடிந்ததும் அவர் கன்னத்தைத் தடவினார். இன்னொரு கன்னத்தையும் தடவினார்.

"எந்து கல்லாடா இது?"

"சிலேட்டு, சாரே."

"பிள்ளைகள் எழுதுற சிலேட்டா? கொள்ளாம், நல்ல கல்லாக்கும். எனக்க முகத்தில ஒரு எழுத்தும் எழுதாம விட்டியே."

வழக்கில் எதிராளியின் மகனிடம் கழுத்தைக் காட்டிவிட்டாரே என்று மற்ற பெரிய வீடுகளில் கேலி நடந்தது. அதற்கு அவர் சொன்ன பதில் பாறசாலைச் சந்தை வரை பரவியது. "சட்டம் வச்சு எடுத்தது மண்ணு. கழுத்து நானா கொடுத்ததாக்கும்."

அண்ணன் பம்பாய் போனான். சிலேட்டோடு. டெஸ்ட் நடத்தியவன் கத்தியைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்க்கவில்லை. அண்ணனின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்து, பாஸ் என்றான். ஷார்ஜாவில் இறங்கிய பிறகுதான் காரணம் தெரிந்தது. சிமென்ட் மூட்டை சுமக்கப் புஜம் போதும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவன் பார்பர். கேம்ப்பில் கூட இருந்தவர்களுக்குச் சவரம் செய்துவிட்டான். பத்து சென்ட் மீண்டது. ஓலைக்குடிசை கான்கிரீட் ஆனது.

முதல் விடுமுறையில் எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவந்தான். கேசவன் பிள்ளைக்கு ஸ்ப்ரே நுரையும் பிளாஸ்டிக் ரேசரும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். இவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சிமென்ட் தின்ற கைதான். இருந்தாலும் வேலையை மறக்கவில்லை. பாதிச் சவரத்தில் கத்தி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கேசவன் பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கேஸ் நடந்த காலம் முழுக்க இவர் ஒழுங்காத் தூங்கினதே இல்ல மோளே" என்றார் அவர் மனைவி, மெல்லிய குரலில்.

குடிகிடப்புச் சட்டம் எத்தனையோ பேருக்கு நிம்மதி கொடுத்தது என்கிறார்கள் — அப்படி நிம்மதி கிடைத்தவர்களில் நிலத்தைப் பறிகொடுத்தவர்களும் உண்டு என்பதை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.