பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்கும் ஸ்டெர்கியோஸ்

கிரீஸ் நாட்டு எதெஸ்ஸா ஊர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைப் பாடத்திட்டத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் படித்தவர் யார் என்று கேட்டால் துறைக்காரர்கள் கொஞ்சம் நெளிவார்கள். ஆசிரியர்கள் அவரவர் நூற்றாண்டை விட்டு வெளியே வருவதில்லை. மாணவர்கள் தேர்வுக்கு வரும் பக்கங்களைத் தாண்டுவதில்லை. மிச்சம் இருப்பவர் தரைத்தளத்தில் கேண்டீன் நடத்தும் ஸ்டெர்கியோஸ் பலஃபூதிஸ் ஒருவர்தான்.

அவர் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்பாவின் பீச் தோட்டத்தில் பதினைந்து வருடம் பெட்டி தூக்கினார். முதுகு மறுத்துவிட்டது. முப்பத்தோராவது வயதில் இந்தக் கேண்டீன் கிடைத்தது. முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "பல்கலைக்கழகத்துல சேந்துட்டேன்" என்று அம்மாவுக்கு போன் செய்தார். அம்மா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார். எந்தப் பிரிவில் என்று மகன் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அவர் படித்த கதை இது. ஜூன் மாதம் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் நேராக அவரிடம்தான் வருவார்கள். கையிலிருக்கும் நோட்டை மேஜையில் எறிந்துவிட்டு, குளிர்ந்த நுரைக்காப்பியை உறிஞ்சிவிட்டு, ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நோட்டு அங்கேயே கிடக்கும். ஸ்டெர்கியோஸ் அவற்றை ஒரு சாக்கில் சேர்த்துவைத்து, வெற்றுப் பக்கத்தில் ஆர்டர் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டிடத்தை ஆக்கிரமித்து மூன்று வாரம் பூட்டு போட்டார்கள். போராட்டத்துக்கும் காப்பி வேண்டுமே என்று இவரை மட்டும் உள்ளே விட்டார்கள். மதியங்களில் வேலை இல்லை. சும்மா ஒரு தாளைத் திருப்பினார். இந்தப் பக்கம் மூன்று காப்பி, இரண்டு சீஸ் பப்ஸ். அந்தப் பக்கம் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத் திருப்பியது திருப்பியதுதான். இருபத்தேழு வருடத்தில் சிலுவைப் போர்கள், வெனிஸ் வியாபாரிகள், பால்கன் யுத்தங்கள், இரண்டு உலகப் போர்கள் எல்லாவற்றையும் சாக்கிலிருந்தே படித்து முடித்தார். மாணவர்கள் காப்பிக் கறையோடு விட்டுப்போன அறிவு என்பதால் அங்கங்கே சில தேதிகள் மட்டும் அழிந்திருக்கும்.

துறைக்கு அதிகாரபூர்வமான கருத்துக் கேட்கும் முறை ஒன்றும் இருந்தது. பருவத்தின் ஒன்பதாவது வாரம் வகுப்பில் படிவம் கொடுப்பார்கள். ஆசிரியர் வெளியே போய் நிற்க வேண்டும். மாணவர் ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிட வேண்டும். பிறகு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்து. இத்தனை காவலும் எதற்கு என்றால், கடைசியில் எல்லா ஆசிரியருக்கும் நாலேகால் மதிப்பெண் கிடைப்பதற்கு.

நிஜமான கருத்து கேண்டீன் கவுண்டரில் கொட்டும். "அண்ணே, ஒரு டபுள் காப்பி போடுங்க, அந்த ஆளு ரெண்டு மணி நேரம் ஒரே சுல்தானைக் கொன்னுக்கிட்டே இருந்தாரு" என்று மாணவன் வருவான். அவன் போன ஐந்தாவது நிமிடம் அதே ஆசிரியர் வருவார். "ஸ்டெர்கியோஸ், எனக்கும் டபுள். மூஞ்சியப் பாத்தா முப்பது பேரும் செத்த சுல்தான் மாதிரியே உக்காந்திருக்கானுங்க." ஸ்டெர்கியோஸ் இருவருக்கும் ஒரே அளவு சர்க்கரை போடுவார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவரின் வாயைத் திறக்க வைத்தது ஃபோத்தினி விவகாரம்.

ஃபோத்தினி வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆசிரியை. ஆறு வருடமாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் சாதாரண ஜனங்களைப் பற்றி விருப்பப்பாடம் எடுத்துவந்தார்: கொள்ளைநோய் வந்தபோது யார் கதவைத் திறந்தார்கள், யார் சாத்திக்கொண்டார்கள் என்கிற மாதிரி. யாரும் விரும்பாத திங்கட்கிழமை காலை எட்டரை மணி அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வருடம் ஒன்பதாவது வாரத் திங்கட்கிழமை பனி பெய்து பஸ் வரவில்லை. வகுப்புக்கு நடந்தே வந்தவர்கள் மூன்று பேர். படிவமும் மூன்று. அதில் ஒருத்தி, ஒன்று என்றால் முதலிடம் என்று நினைத்துக்கொண்டு, மேடம் மேலிருந்த பிரியத்தில் எல்லாக் கேள்விக்கும் அழுத்தி அழுத்தி ஒன்றை வட்டமிட்டாள். இன்னொருவன் அறை குளிர்ந்ததற்கு இரண்டு போட்டான். துறை வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பாடத்துக்கு மூன்றுக்குக் கீழே மதிப்பெண் விழுந்தது.

துறைத்தலைவர் அரிஸ்தீதிஸ் கெட்டவர் அல்லர், பயந்தவர். ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து ஐந்து பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அவர்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் துறை தனியாக இருக்குமா, இல்லை பக்கத்து ஊர்த் துறையோடு சேர்க்கப்படுமா என்று முடிவாகும். "குழு கண்ணுல படறதுக்கு முன்னாடி அந்தப் பாடத்தை எடுத்துடறது நல்லது" என்றார் அவர். பாடம் போனால் ஃபோத்தினியின் ஒப்பந்தமும் போகும். வாயா என்ற பெண் இதைக் கேட்டுவந்து கவுண்டரில் சொன்னாள். அவள் அதே துறையில் முதுகலை முடித்துவிட்டு ஸ்டெர்கியோஸிடம் காப்பி மெஷின் பார்ப்பவள்.

"முதலாளி, ஃபோத்தினி மேடத்தைத் தூக்கப்போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல பேசிக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் யாரும்மா? கீரை பப்ஸ் விக்கிறவன். என்னை யாரு கேக்கப்போறா?"

கேட்கத்தான் போகிறார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

குழு வந்தது. பதினொரு மணிக்கு மாணவர்களைப் பார்த்தது, பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர்களை. ஒரு மணிக்கு, 'பட்டதாரிகளுக்கு வேலை தரும் நிறுவனங்களின் பிரதிநிதிகள்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அருங்காட்சியக இயக்குநருக்குக் காய்ச்சல். பேராயர் அலுவலகத்தில் நோன்புக் காலம் என்று கைவிரித்துவிட்டார்கள். மேயர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு அரிஸ்தீதிஸ் மூச்சிரைக்க கேண்டீனுக்குள் வந்தார்.

"ஸ்டெர்கியோஸ், உன்கிட்ட நம்ம துறையில படிச்சவங்க எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"

"மூணு பேரு சார். போன வருஷம் நாலு."

அரிஸ்தீதிஸ் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். மாவட்டத்திலேயே வரலாற்றுப் பட்டதாரிகளை அதிகம் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் தன் காலுக்குக் கீழேயே, தரைத்தளத்திலேயே இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏப்ரனைக் கழட்டுய்யா. என் கோட்டைப் போட்டுக்கோ."

"எனக்குப் பத்தாதே சார்."

"பட்டன் போடாத. கேட்டா எல்லாம் பிரமாதம்னு சொல்லு. அவ்ளோதான்."

வாயா பின்னாலிருந்து கத்தினாள்: "முதலாளி, காலர்ல மாவு!"

இரண்டாம் மாடி கூட்ட அறையில் நான்கு வெற்று நாற்காலிகளுக்கு நடுவே ஸ்டெர்கியோஸ் உட்கார்ந்தார். குழுவுக்குத் தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள், கடல் கடந்து போய்ப் பேராசிரியரானவர். அரிஸ்தீதிஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

"உங்க பணியாளர்களுக்குப் படிச்ச படிப்பு உதவுதாங்களா?"

"நல்லா உதவுது மேடம். ரெண்டு கட்சிப் பசங்க மேஜையில முட்டிக்கிட்டாங்கன்னு வைங்க, எங்க வாயா தட்டோட நடுவுல போய் நிப்பா. 'நாப்பத்தாறுல உள்நாட்டுப் போரையும் இப்பிடித்தான் ஆரம்பிச்சீங்க'ன்னு ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் கப்புனு உக்காந்துருவாங்க."

குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டார்.

"பாடங்களைப் பத்தி மாணவர்கள் என்ன நினைக்கறாங்க?"

"எல்லாம் பிரமாதம் மேடம்."

தலைவி பேனாவை வைத்தார். "ஐயா, காலையிலேருந்து அந்த வார்த்தையை நான் பதினாலு தடவை கேட்டாச்சு. நீங்களுமா?"

ஸ்டெர்கியோஸுக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. கேண்டீன் உரிமம் இலையுதிர்காலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும், புதுப்பிக்கும் குழுவில் அரிஸ்தீதிஸ் இருந்தார். போட்டிருந்த கோட்டும் அவருடையது. ஆனால் இந்தக் கட்டிடம் தன்னை ஏழாம் வகுப்பிலிருந்து எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தார். காசில்லாமல், தேர்வில்லாமல் படிக்க வைத்த இடம். அதற்குப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பசங்க வாயால சொல்றதை நான் நம்பறதில்ல மேடம். பரீட்சை முடிஞ்சு என்னத்த விட்டுட்டுப் போறாங்கன்னு பாப்பேன்." சாக்கைப் பற்றிச் சொன்னார். காப்பி ஆர்டரைப் பற்றிச் சொன்னார். தான் படித்ததைச் சொன்னார். சந்தேகத்தோடு பார்த்த ஓர் உறுப்பினர் வெனிஸ் வியாபாரிகளைப் பற்றி ஒரு கேள்வி போட, ஸ்டெர்கியோஸ் ஐந்து நிமிடம் பேசினார். உறுப்பினரே இரண்டு குறிப்பு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்போ துறைத்தலைவரோட பாடம்?" என்று கேட்டார் தலைவி.

"அது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்ங்க" என்றார் ஸ்டெர்கியோஸ் மரியாதையோடு.

ஐந்து பேரும் சிரிக்க ஆரம்பித்துச் சிரமப்பட்டு நிறுத்தினார்கள்.

"உங்களுக்குத் தெரியாத பாடம்னு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. பதினெட்டாம் நூத்தாண்டு. ஃபோத்தினி மேடம் எடுக்கறது. ஆறு வருஷமாக் காத்திருக்கேன் மேடம், ஒருத்தன் ஒரு தாள் விட்டுட்டுப் போகல. மேஜைக்கடியில தேடிப் பாத்துட்டேன். பரீட்சை முடிஞ்சும் பைக்குள்ள வெச்சு ஊருக்குத் தூக்கிட்டுப் போறானுங்க. எனக்கு அந்த நூறு வருஷம் மட்டும் ஒண்ணுமே தெரியாது. இப்ப அந்தப் பாடத்தை எடுக்கப்போறதாச் சொல்றாங்க. எடுத்தா எனக்கு நஷ்டமில்ல, எனக்குத்தான் அது வரவே இல்லையே. அந்தப் பசங்களுக்குத்தான் நஷ்டம்."

அறையில் யாரும் எழுதவில்லை. பிறகு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். வெளியே வந்த ஸ்டெர்கியோஸ் கோட்டைக் கழற்றி அரிஸ்தீதிஸிடம் கொடுத்தார்.

"என்னய்யா சொன்ன?"

"உங்க பாடம் மனப்பாடம்னு சொன்னேன் சார்."

அரிஸ்தீதிஸ் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டினார்.

அறிக்கை மே மாதம் வந்தது, அறுபத்திரண்டு பக்கம். துறை தனியாகவே இருக்கலாம். வேலை தருபவர்களோடு துறைக்கு இருக்கும் 'அன்றாட உறவு' நாட்டுக்கே முன்மாதிரி. மூன்று படிவத்தை வைத்து ஒரு பாடத்தை எடை போட்டதுதான் பெரிய குறை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாடம் தொடர வேண்டும், ஆசிரியைக்கு மூன்று வருட ஒப்பந்தம் தர வேண்டும், அறைக்கு ஹீட்டர் போட வேண்டும். அரிஸ்தீதிஸ் உற்சாகத்தில் அதைக் கட்டாயப் பாடமாக்கிவிடலாம் என்றார். ஃபோத்தினி, "சார், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டுத் தடுத்துவிட்டார். அரிஸ்தீதிஸ் பெரிய மனிதர், அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தைப் படித்த பிறகும் உரிமத்தில் கையெழுத்துப் போட்டார். மனப்பாடம் என்ற வார்த்தைக்கு விளக்கம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்த ஜூன் மாதம் ஆசிரியர்களுக்குத் திடீரென்று கேண்டீன் மேல் பாசம் வந்தது. தேர்வு முடிந்த அரை மணியில் ஒவ்வொருவராக வந்து, மேஜை மேஜையாக நடந்து, தங்கள் பாட நோட்டுகளை மட்டும் பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார்கள். ஸ்டெர்கியோஸ் அந்தப் பக்கம் திரும்பி நின்று தம்ளர் துடைப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள் ஃபோத்தினி இறங்கி வந்தார். எப்போதும் காப்பியை மூடி போட்டு வாங்கிக்கொண்டு ஓடுபவர் அன்று கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றார்.

"அண்ணே, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"வழக்கமா சர்க்கரை கம்மின்னு சொல்லுவீங்க."

"விளையாடாதீங்க. மூணு வருஷம் அண்ணே. பொண்ணை நடுவுல வேற பள்ளிக்கூடம் மாத்த வேண்டாம். ஆறு வருஷத்துல முதல் தடவையா புத்தக அலமாரி வாங்கலாமான்னு யோசிக்கறேன்."

ஸ்டெர்கியோஸ் கவுண்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். இருக்கறதைச் சொன்னேன். பசங்கதான் பண்ணாங்க."

"அவங்களுக்கு எப்படிண்ணே நன்றி சொல்றது? நேர்ல சொன்னா வெக்கப்படுவாங்க. எனக்கும் அழுகை வந்துடும்."

"சொல்லாதீங்க. திங்கட்கிழமை எட்டரைக்கு வழக்கம்போலப் பாடத்தை எடுங்க. கொள்ளைநோய்ல கதவைத் திறந்தவங்களைப் பத்தித்தானே எடுப்பீங்க? வாயா சொல்லிருக்கா."

"அக்டோபர்ல வருவாங்களாண்ணே? எட்டரைக்கு?"

"வருவாங்க. என் கடையைத் தாண்டித்தானே மேல போகணும்? ஏழரைக்கே காப்பி போட்டு வெச்சிருப்பேன். ஒருத்தனும் தூங்க முடியாது."